திருமுடிவாக்கத்துச் சிலிக்கான் கார்பைடு ஃபோம் ஃபில்டர்: கிரே அயர்னுக்குத் தாராளமாக, எஸ்.ஜி.க்கு நிபந்தனையோடு

அம்பத்தூர், காக்களூர், கும்மிடிப்பூண்டி பக்கத்து ஃபவுண்டரிகளுக்குத் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையிலிருந்து ஒரு சிறு யூனிட் சிலிக்கான் கார்பைடு ஃபோம் ஃபில்டர் செய்து கொடுக்கிறது. உருக்கிய உலோகத்தை மோல்டில் (வார்ப்பு அச்சில்) ஊற்றும்போது கசடைப் பிடித்துக்கொள்ளும் பீங்கான் வடிகட்டி இது. சதுரத்தில் 50, 75, 100 மி.மீ. என்று மூன்று அளவு, எல்லாம் 22 மி.மீ. தடிமன். வட்டம் கேட்டாலும் வெட்டித் தருகிறார்கள். துளை 10 பி.பி.ஐ., 20 பி.பி.ஐ. என்று இரண்டு வகை. கிரே அயர்ன் (சாதாரண வார்ப்பிரும்பு) வார்ப்பவர்கள் தைரியமாக வாங்கலாம். எஸ்.ஜி. அயர்ன் (மக்னீசியம் சேர்த்த, உருண்டைக் கிராஃபைட் இரும்பு) வார்ப்பவர்கள் பெட்டிக்குப் பெட்டி சோதித்து வாங்க வேண்டும். யூனிட்டின் பெயரை இங்கே எழுதவில்லை. குறைகளையும் சொல்லப் போகிறோம், அவற்றில் பல திருத்தக் கூடியவை. கீழே வரும் சோதனைகளை யாருடைய பெட்டியைத் திறந்தும் செய்து பார்க்கலாம்.

ஃபில்டர் வாங்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது பி.பி.ஐ. எவ்வளவு என்றுதான். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை துளை என்பதே அந்த எண். அது ஏறக்குறைய முழுக்க, ஃபில்டர் செய்யப் பயன்பட்ட பாலியூரித்தேன் பஞ்சிலிருந்து வருவது. 10 பி.பி.ஐ. பஞ்சு வாங்கினால் 10 பி.பி.ஐ. ஃபில்டர் கிடைத்துவிடும், அதில் தயாரிப்பாளரின் திறமை குறைவு. திறமை தெரிவது துளைகளைச் சுற்றி ஓடும் நரம்புகளில்: அவை எவ்வளவு தடிமன், எங்கும் ஒரே அளவா, விரிசல் உண்டா, உதிர்கிறதா. இந்தச் சரக்கின் நல்லது கெட்டது இரண்டும் அங்கேதான் இருக்கின்றன.

செய்முறை தெரிந்தால் எங்கே பார்ப்பது என்பதும் தெரிந்துவிடும். 1963-ல் அமெரிக்காவில் ஷ்வார்ட்ஸ்வால்டர், சோமர்ஸ் என்ற இருவர் பேரில் காப்புரிமை வெளியான முறைதான் இன்றும் உலகம் முழுக்க நடக்கிறது. திறந்த துளைப் பஞ்சைச் செராமிக் குழம்பில் முக்கி, ரோலரில் பிழிந்து, காயவைத்து, சூளையில் பஞ்சை எரித்துவிட்டுப் பீங்கானைச் சுட்டெடுப்பார்கள். கேட்க எளிது. பஞ்சின் துளைகளுக்கு நடுவே மெல்லிய சவ்வு இருந்தால் அங்கே குழம்பு நின்று அடைத்துக்கொள்ளும். அதனால் சவ்வு நீக்கிய பஞ்சு வாங்க வேண்டும், அல்லது சூடான காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்துச் சவ்வைக் கரைத்து, நன்றாகக் கழுவிக் காயவைக்க வேண்டும். காஸ்டிக்கில் அதிக நேரம் விட்டால் நரம்பே மெலிந்து பஞ்சு கிழியும். கழுவாமல் விட்டால் மிஞ்சும் சோடியம் சூளையில் பீங்கானின் பிணைப்பை இளக்கிவிடும்.

குழம்பில் பெரும்பங்கு சிலிக்கான் கார்பைடு பொடி. பருமனும் நைசும் கலந்தால்தான் இடைவெளி குறைந்து நெருக்கமாக அமையும். அதோடு நைஸ் அலுமினா, சிலிக்கா, கொஞ்சம் களிமண். எடையில் 75 முதல் 80 சதவீதம் வரை திடப்பொருள் இருக்கும். ரோலரில் அழுத்தும்போது இளகி ஓட வேண்டும், அழுத்தம் நின்றதும் நரம்பிலேயே இறுகி நிற்க வேண்டும். பென்டோனைட் களிமண்ணும் சி.எம்.சி. என்ற செல்லுலோஸ் பசையும் சேர்ப்பது இந்தக் குணத்துக்காக. சி.எம்.சி. கூடினால் கலக்கும்போது காற்றுக் குமிழ் பிடிக்கும், அந்தக் குமிழ் ஒவ்வொன்றும் சுட்ட நரம்பில் ஓர் ஓட்டை. நுரையடக்கி ஊற்றி, கலந்த குழம்பை ஓய்வில் வைத்து எடுப்பது அதனால்தான்.

பஞ்சு எரிந்துபோன இடம் நரம்புக்குள் முக்கோணக் குழலாக வெறுமையாக நிற்கும். எல்லா ஃபோம் ஃபில்டரும் உள்ளே குழலோடிய நரம்புதான். அந்தக் குழலின் கூரான மூலைகளில் குழம்பு மெல்லியதாகவே ஒட்டும், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். நல்ல தயாரிப்பாளர் ஒருமுறை முக்கிக் காயவைத்தபின், நீர்த்த குழம்பை இரண்டாம் முறை தெளித்து அந்த மூலைகளை மூடுவார். திருமுடிவாக்கத்துச் சரக்கில் 75, 100 மி.மீ. அளவுகளுக்கு இரண்டாம் பூச்சு இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் நரம்பு உருண்டையாகத் தெரியும். 50 மி.மீ. அளவில் அது இல்லை, நரம்பின் ஓரம் கத்திபோல் கூராக நிற்கிறது. விலை குறைவு என்பதால் சின்ன அளவில் ஒரு வேலையைக் குறைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அதிகம் விற்பது அந்த அளவுதான் என்பதால் இந்தச் சிக்கனம் நமக்கு ஏற்பில்லை.

முதல் சோதனைக்கு ஒரு தராசு போதும். 50 × 50 × 22 மி.மீ. துண்டின் கன அளவு 55 கன செ.மீ. சிலிக்கான் கார்பைடு ஃபில்டரின் அடர்த்தி வழக்கமாக ஒரு கன செ.மீ.க்கு 0.36 முதல் 0.5 கிராம் வரை. அப்படியானால் ஒரு துண்டு 20 முதல் 27 கிராமுக்குள் இருக்க வேண்டும். 75 மி.மீ. துண்டு 45 முதல் 62 கிராம். இந்த எல்லைக்குள் இருப்பது மட்டும் போதாது, ஒரே பெட்டியில் துண்டுக்குத் துண்டு நெருக்கமாக இருக்க வேண்டும். எடை குறைந்தால் நரம்பு மெல்லியது, உலோகத்தின் அடியைத் தாங்காது. எடை கூடினால் பெரும்பாலும் நரம்பு தடித்ததால் அல்ல, துளை அடைத்ததால். 75 மி.மீ. பெட்டிகள் இதில் நன்றாகத் தேறுகின்றன. 50 மி.மீ. பெட்டிகளில் எடை எல்லைக்குள் இருந்தாலும் சிதறலாக இருக்கிறது. ரோலர் இடைவெளியைச் சரியாக வைக்கவில்லை, அல்லது குழம்பு நாள் முழுக்கத் தண்ணீர் இழந்து கெட்டியாவதைக் கவனிக்கவில்லை. இந்த ஊர் வெயிலில் திறந்த தொட்டிக் குழம்பு காலையில் இருந்த பதத்தில் மதியம் இருக்காது. மணிக்கொருமுறை பாகுநிலை பார்த்துத் தண்ணீர் சேர்க்காவிட்டால் மாலைச் சரக்கு கனக்கும்.

அடுத்தது வெளிச்சம். ஃபில்டரை ஒரு ட்யூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அடைப்பு அங்கங்கே சிதறிக் கிடந்தால் பெரிய குறையில்லை. ஒரே இடத்தில் குவிந்தால் அந்தப் பக்கம் உலோகம் போகாது, மீதிப் பரப்பில் வேகம் கூடிக் கசடை இழுத்துக்கொண்டு ஓடும். இங்கே ஒரு பருவக் குறை இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்த சரக்கில் ஒரு முகம் திறந்தும் மறுமுகம் பாதி அடைத்தும் வருகிறது. ஈரக்காற்றில் பூச்சு மெதுவாகக் காயும்போது குழம்பு நரம்பு வழியே கீழே வடிகிறது. மேல்முகம் மெலிகிறது, கீழ்முகம் அடைகிறது. மின்விசிறி ஓட்டினால் அதே ஈரக்காற்றைத்தான் திரும்பத் திரும்ப அடிக்கும். காற்றைச் சூடாக்கி 40 முதல் 60 டிகிரியில் தொடங்கி, இறுதியில் 110 டிகிரி வரை கொண்டுபோகும் உலர்த்தி அறை வேண்டும், இடையில் துண்டுகளைப் புரட்டிப் போட வேண்டும். மழைக்காலப் பெட்டியை வாங்கியே ஆக வேண்டும் என்றால், அடைத்த முகம் உலோகம் வரும் பக்கம் இருக்கட்டும். மெலிந்த முகத்தில் நேரடி அடி விழக் கூடாது.

சென்னையின் ஈரம் பஞ்சையும் விடுவதில்லை. பாலியெஸ்டர் வகைப் பாலியூரித்தேன் சூட்டிலும் ஈரத்திலும் மெல்லச் சிதைந்து மீள்தன்மையை இழக்கும். கோடவுனில் நாள்பட்டுக் கிடந்த பஞ்சு ரோலரிலிருந்து வெளியே வந்ததும் முழுத் தடிமனுக்கு எழும்பாது. சுட்ட பிறகு 22 மி.மீ. இருக்க வேண்டிய துண்டு 20 மி.மீ.யில் நிற்கும், துளைகள் நசுங்கிய வடிவில் இருக்கும். இந்தச் சரக்கில் தடிமன் சரியாக வருகிறது. பஞ்சைப் புதிதாகவே எடுக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி.

மூன்றாவது சோதனைதான் முக்கியமானது: தூள் உதிர்வு. வெள்ளைத்தாளின் மேல் ஃபில்டரைப் பிடித்து நான்கு ஓரங்களையும் விரலால் தட்டுங்கள். கொஞ்சம் தூசி விழும், அது பரவாயில்லை. கடுகளவு துணுக்குகள் விழுந்தால் ஆபத்து. சிலிக்கான் கார்பைடு கிரைண்டிங் வீலில் போடும் பொருள். ஒரு துணுக்கு வார்ப்புக்குள் போய் உட்கார்ந்தால் மெஷின் ஷாப்பில் கார்பைடு டிப் உடையும். கசடைத் தடுக்க வைத்த ஃபில்டரே வேண்டாத துணுக்கைக் கொண்டுவந்து சேர்த்ததாகிவிடும். பெரிய அளவுகளில் உதிர்வு கிட்டத்தட்ட இல்லை, ஓரங்களுக்குத் தனிப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். 50 மி.மீ. அளவில் வெட்டிய ஓரம் அப்படியே இருக்கிறது, மூலைகளில் உதிர்கிறது. ஓரத்தில் ஒரு கோட்டுப் பூச்சு, அவ்வளவுதான் தேவை. இதைச் சொன்னால் செய்து தருகிறார்கள், ஆர்டரோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சூளை வேலையில் இவர்களுக்கு நல்ல மதிப்பெண். பாலியூரித்தேன் பெரும்பாலும் 250 முதல் 400 டிகிரிக்குள் சிதைந்து வாயுவாகிறது. அந்த வேளையில் பூச்சுக்குப் பச்சைமண் பலம்தான் உண்டு. நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் வேகமாக ஏற்றினால் வாயு நரம்பைப் பிளந்துகொண்டு வரும். டீசல் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இங்கேதான் அவசரப்படுவார்கள். இந்தச் சரக்கில் நரம்பின் நீளவாக்கில் விரிசல் அரிதாகவே தென்படுகிறது. பிறகு 1,400 டிகிரி அளவில் சுடும்போது சிலிக்கான் கார்பைடின் மேல்பரப்பு லேசாக ஆக்சிஜன் ஏற்றுச் சிலிக்காவாகி, அலுமினாவோடு சேர்ந்து பிணைப்பு உண்டாகிறது. ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். ஓரமும் நடுவும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தால் சூடு உள்வரை போயிருக்கிறது. நகத்தால் தட்டினால் மந்தமாக ஒலிப்பது வேகாத சரக்கு. மேல்பரப்பு கண்ணாடிபோல் மினுங்கினால் பிணைப்பில் சோடியம் அதிகம் என்று சந்தேகப்படலாம். அறையின் வெப்பத்தில் அது கல்லாக இருக்கும், 1,400 டிகிரி இரும்பு பட்டதும் இளகித் தொய்ந்துவிடும். இங்கே அந்த மினுக்கம் இல்லை.

குளிர்நிலை நசுக்குப் பலத்துக்குச் சான்றிதழில் 1 மெகாபாஸ்கல் என்று போடுகிறார்கள். 50 மி.மீ. துண்டின் முழுப் பரப்பில் அது ஏறத்தாழ 255 கிலோ சுமை. மேலும் கீழும் மெல்லிய ரப்பர் ஷீட் வைத்து எந்த அழுத்தச் சோதனை இயந்திரத்திலும் பார்த்துக்கொள்ளலாம். ஷீட் வைக்காவிட்டால் துருத்திய நரம்புகளில் மட்டும் சுமை விழுந்து எண் பொய்யாக வரும்.

பெட்டி நன்றாக இருந்தும் மோல்டில் தோற்பதற்குப் பெரும்பாலும் அளவுத் தேர்வே காரணம். 10 பி.பி.ஐ. சிலிக்கான் கார்பைடு ஃபில்டருக்குப் பொதுக் கணக்கு இது: கிரே அயர்ன் ஒரு சதுர செ.மீ.க்கு 4 கிலோ, எஸ்.ஜி. அதில் பாதி. 50 மி.மீ. துண்டுக்கு 25 சதுர செ.மீ., ஆகவே கிரே அயர்ன் 100 கிலோ, எஸ்.ஜி. 50 கிலோ. இது மொத்தக் கொள்ளளவு மட்டும். ஓட்ட வேகத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும்: அதே துண்டு கிரே அயர்னை விநாடிக்கு 4 கிலோ அளவுக்குத்தான் விடும். 40 கிலோ வார்ப்பை 8 விநாடியில் நிரப்ப வேண்டும் என்றால் விநாடிக்கு 5 கிலோ தேவை. கொள்ளளவில் பாதியைக்கூடத் தொடாத வார்ப்பு, ஆனாலும் ஃபில்டர் ஓட்டத்தை நெரிக்கும், மெல்லிய சுவரில் கோல்ட் ஷட் (உலோகம் ஒன்றுசேராத பிளவு) விழும். அந்த வேலைக்கு 75 மி.மீ. போட வேண்டும். 50 மி.மீ. ஃபில்டரால் வார்ப்பு நிரம்பவில்லை என்று வரும் புகார்களில் பல இந்தக் கணக்கைப் போடாததால் வருபவை, அதற்குத் தயாரிப்பாளரைக் குறை சொல்ல முடியாது.

ஃபில்டர் உட்காரும் இடத்தில் நான்கு பக்கமும் 5 மி.மீ. அளவு தாங்கல் வேண்டும். இரண்டு பக்கம் மட்டும் தாங்கினால் நடுவில் வளைந்து உடையும். தாங்கல் போக 40 × 40 மி.மீ., அதாவது 1,600 சதுர மி.மீ. திறந்திருக்கும். 200 மி.மீ. தலை உயரத்தில் (மேலே உலோகம் நிற்கும் உயரத்தில்) விநாடிக்கு 4 கிலோ விடும் சோக், அதாவது ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் குறுகிய வழி, சுமார் 366 சதுர மி.மீ. வரும். திறந்த பரப்பு அதைப்போல் நாலு மடங்குக்கு மேல் இருக்கிறது, இதுவே சரியான விகிதம். சோக்கை ஃபில்டருக்கு முன்னால் வைத்து, பின்னால் ரன்னரை (உலோகம் ஓடும் வாய்க்காலை) அகலமாக விடுங்கள். டவுன் ஸ்ப்ரூ எனும் செங்குத்து ஊற்றுவழிக்கு நேர் கீழே ஃபில்டர் வைப்பதைத் தவிர்ப்பது நல்லது.

கிரீன் சேண்டில், அதாவது ஈரமணல் மோல்டில், இன்னொரு சிக்கல். பிரிண்டில் (ஃபில்டர் உட்காரும் குழியில்) சுற்றிலும் ஒரு மி.மீ. அளவு இடைவெளி விடாவிட்டால் மோல்டு மூடும்போது ஓரம் நசுங்கும். இந்த யூனிட்டின் 75 மி.மீ. துண்டுகள் அளவில் கொஞ்சம் தாராளமாகவே வருகின்றன. பஞ்சு வெட்டும்போது சுருக்கத்துக்கு இடம் விட்டது சற்று அதிகம். இறக்குமதிச் சரக்குக்காகச் செய்த பேட்டர்னில் (மோல்டு எடுக்கும் மாதிரியில்) அப்படியே வைத்தால் இறுக்கமாக உட்காரும். பேட்டர்னை மாற்றுவதற்கு முன் பெட்டியிலிருந்து சிலவற்றை எடுத்து வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். பெரிய இடைவெளியும் கூடாது. உலோகம் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

எஸ்.ஜி.க்கு ஏன் நிபந்தனை? மக்னீசியம் சேர்த்த இரும்பில் மக்னீசியம் ஆக்சைடு, சல்ஃபைடு, சிலிகேட் என்று டிராஸ் எனும் கசடு உண்டாகிக்கொண்டே இருக்கும். ஃபில்டர் அதைப் பிடிக்கத்தான் வேண்டும், பிடித்தால் அடைக்கும். ஆகவே எஸ்.ஜி.யில் ஃபில்டரின் ஒவ்வொரு சதுர செ.மீ.யும் திறந்திருப்பது அவசியம். கிரே அயர்னில் மன்னிக்கப்படும் அடைப்பு இங்கே பாதி ஊற்றலில் ஓட்டத்தை நிறுத்திவிடும். எடை சிதறும் 50 மி.மீ. பெட்டியை எஸ்.ஜி.க்குப் போடவேண்டாம் என்பதே எங்கள் கருத்து. 75 மி.மீ. 10 பி.பி.ஐ. போடலாம், வெளிச்சத்தில் பார்த்துப் பொறுக்கியபின். 20 பி.பி.ஐ.யை எஸ்.ஜி.யில் தவிர்த்துவிடுங்கள். மக்னீசியம் ட்ரீட்மென்ட் ஆனபின் லேடிலில் (உலோகம் ஏந்தும் வாளியில்) மிதக்கும் கசடை நன்றாகச் சுரண்டி எடுக்காமல் ஃபில்டரை நம்புவதும் தவறு. ஃபில்டர் கடைசிக் காவல், முதல் காவல் லேடில்தான். இன்னொன்று, முதல் உலோகம் குளிர்ந்த ஃபில்டரைத் தொடும்போது ஒரு நொடி தயங்கும். லேடிலில் சூடு இறங்கியிருந்தால் அங்கேயே உறைந்துவிடும். கடைசி மோல்டுகளில் ஃபில்டர் அடைத்தது என்று சொல்வதில் பாதி இந்த உறைவுதான். அடைத்த ஃபில்டரை அறுத்துப் பாருங்கள்: முன்முகத்தில் கசடு படிந்திருந்தால் அழுக்கு உலோகம், சுத்தமான உலோகமே நிறைந்திருந்தால் சூடு போதவில்லை.

ஸ்டீலுக்குச் சிலிக்கான் கார்பைடு ஃபில்டர் ஆகாது. 1,600 டிகிரியை இந்தப் பிணைப்பு தாங்காது, அங்கே சிர்கோனியாதான். கேட்டு வந்தவர்களிடம் இவர்கள் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த நேர்மைக்கு மதிப்பு உண்டு.

அலுமினியத்துக்கு அலுமினா ஃபில்டரும் இதே யூனிட் செய்கிறது, பாஸ்பேட் பிணைப்பு. சாதாரண உலோகக் கலவைக்குச் சரியான பொருள்தான். மக்னீசியம் அதிகமுள்ள கலவையில் பாஸ்பேட் பாஸ்பைடாக மாறும், பயன்படுத்திய ஃபில்டர் மழையில் நனைந்தால் பாஸ்ஃபைன் வாயு வரும். அது நச்சு. பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உடனே சேர்க்க வேண்டிய எச்சரிக்கை இது. பயன்படுத்தியவற்றை மூடிய ஷெட்டில், ஈரம் படாமல், காற்றோட்டமாகப் போட்டுவையுங்கள்.

பேக்கிங் சுமார். அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை இருக்கிறது, ஆனால் அடுக்குக்கு அடுக்கு மெத்தை இல்லாததால் டெம்போ குலுக்கலில் அடியில் இருக்கும் துண்டுகள் மூலை உடைகின்றன. ஃபில்டர் ஈரத்தை உறிஞ்சும், ஈர ஃபில்டர் ஊற்றும்போது கொப்பளித்து ஊதுதுளை உண்டாக்கும். கோர் அவனில் (கோர் உலர்த்தும் அடுப்பில்) 120 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தால் போதும். ஃபில்டர் வைத்த மோல்டை மூடி இரவு முழுக்க விடாதீர்கள், கிரீன் சேண்டின் ஈரம் முழுக்க அதில் ஏறும்.

விலை இறக்குமதியைவிடக் குறைவு. சாம்பிள் இலவசமாகத் தருகிறார்கள், புகார் சொன்னால் ஆள் வந்து பார்க்கிறார். கேட்டிங் (மோல்டில் உலோகம் ஓடும் வழிகளின்) வரைபடத்தைப் பார்த்து அளவு சொல்லும் அறிவும் அவருக்கு இருக்கிறது. சான்றிதழில் மட்டும் எல்லா பெட்டிக்கும் ஒரே எண்கள் அச்சாகி வருகின்றன. அது பட்டியல் மதிப்பு, அந்தப் பெட்டியின் சோதனை முடிவு அல்ல.

ஆர்டர் எழுதும்போது இவற்றை வரிவரியாகப் போடுங்கள்: அளவு, தடிமன், அளவில் கூடக்குறைய எவ்வளவு ஏற்பு, துண்டின் எடை எல்லை, 50 மி.மீ.க்கு 20 முதல் 27 கிராம், நான்கு ஓரத்துக்கும் பூச்சு, 50 மி.மீ.க்கும் இரண்டாம் பூச்சு. பெட்டியில் சூளை எண்ணும் தேதியும். அந்தச் சூளையிலேயே எடுத்த நசுக்குப் பல முடிவு. அடுக்குகளுக்கு இடையே ஃபோம் ஷீட். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான தேவையைச் செப்டம்பருக்குள் செய்து வாங்கிவிடுங்கள், சிலிக்கா ஜெல் பையோடு சீல் வைத்து.